வெளிநாட்டு கார் மேல மட்டும் பழிய போட்டா போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல வந்த கார் கொம்பனி ஆட்குறைப்பு கட்டுரைய எங்க கராஜ்ல எல்லாரும் மாத்தி மாத்தி வாசிச்சோம். ஃபோக்ஸ்வேகன், நிஸான், ஃபோர்ட்னு பெரிய கொம்பனி எல்லாம் ஆயிரக்கணக்குல ஆள நிப்பாட்டுது, எல்லாத்துக்கும் காரணம் வெளியில இருந்து வர்ற சீன கார்தான், அதனால இலங்கையில நாங்களும் வெளிநாட்டு காருக்கு கதவ சாத்திட்டு சொந்தமா கார் செய்ய பழகணும்னு எழுதினவர் முடிச்சிருந்தார். ஆட்குறைப்பு நடக்குறது உண்மை. ஆனா அதுக்கு அவர் சொன்ன காரணமும் பாதிதான் சரி, நமக்கு சொன்ன வைத்தியம் சுத்தமா சரியில்ல, அதத்தான் எழுத வந்தேன்.

ஃபோக்ஸ்வேகன எடுங்க. 2024 டிசம்பர்ல தொழிற்சங்கத்தோட ராப்பகலா பேசி, 2030க்குள்ள ஜெர்மனியில 35,000க்கு மேல வேலைய குறைக்கிறதுன்னு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. இது ஜெர்மனி ரோடெல்லாம் சீன கார் நெறஞ்சதால வந்த வினையா? அங்க சீன கார் இன்னும் கொஞ்சம்தான். பெரிய அடி விழுந்தது சீனாவுக்குள்ள. பல வருஷமா சீனாவுல ஆக அதிகமா வித்த பிராண்ட் ஃபோக்ஸ்வேகன்தான், 2023ல அந்த இடத்த பிவைடிங்கிற சீன கொம்பனி பிடிச்சிருச்சு. சீனாக்காரனுக்கு ஃபோக்ஸ்வேகன்தானே வெளிநாட்டு கார், அந்த வெளிநாட்டு கார் வித்த லாபத்துல ஜெர்மனி பெக்டரியும் சேர்ந்து நல்லா வாழ்ந்துச்சு, அந்த லாபம் கொறஞ்சதும் ஜெர்மனியில ஆள் கூடிப்போச்சுங்கிறாங்க. ஐரோப்பாவுல கரண்ட் கார் எதிர்பார்த்த அளவு ஓடல, கரண்ட் செலவு கூடிருச்சு, செய்யக்கூடிய அளவுக்கு கார் விக்கல, இதெல்லாமும் சேர்ந்துதான். சீன கரண்ட் காருக்கு ஐரோப்பாக்காரங்க 2024 அக்டோபர்ல இருந்து மேலதிக வரியும் போட்டாங்க, போட்டும் ரெண்டு மாசத்துல இந்த ஒப்பந்தம் வந்துச்சு. பிவைடி சும்மா இருக்கல, ஹங்கேரியிலயே பெக்டரி கட்ட போயிட்டான்.

நிஸான் இன்னும் தெளிவான கேஸ். 2024 நவம்பர்ல 9,000 பேர்னு சொன்னாங்க, அடுத்த மே மாசம் மொத்தம் 20,000 பேர், 17 பெக்டரிய 10 ஆக்கப்போறோம்னு சொல்லிட்டாங்க. அதுல 1961ல இருந்து ஓடுற ஒப்பாமா பெக்டரியும் நிப்பாட்டுற லிஸ்ட்ல இருக்கு. ஜப்பான்ல வெளிநாட்டு கார் எத்தன ஓடுது சொல்லுங்க பாப்போம், தேடித்தான் பாக்கணும். நிஸான் அடி வாங்கினது அமெரிக்காவுலயும் சீனாவுலயும். அமெரிக்காக்காரன் ஹைபிரிட் ஹைபிரிட்னு அலஞ்ச நேரத்துல டொயோட்டாவும் ஹொண்டாவும் அள்ளிக்கிட்டாங்க, நிஸான்கிட்ட அங்க விக்க ஒரு ஹைபிரிட் இல்ல. 2010லயே லீஃப் செஞ்சு உலகத்துக்கே கரண்ட் கார் காட்டின கொம்பனி இது. எங்க பக்கம் நிஸானோட பழைய எஃப்பி13, எஃப்பி14 சன்னி காரெல்லாம் இன்னும் டிக்கோயா, பொகவந்தலாவ மேடெல்லாம் முனகிக்கிட்டாவது ஏறுது, அதுல வேலை பாத்து வளந்த எங்களுக்கு இந்த செய்தி மனசுக்கு கஷ்டம்தான், ஆனா மேல இருந்தவங்க எடுத்த முடிவுக்கு பலியானது பெக்டரியில நின்ன மனுசன், இதுல சீனாவ மட்டும் திட்டி என்ன பிரயோசனம்.

இன்னொன்னு, நம்ம நாட்டு கொம்பனின்னா நம்ம ஆளுக்கு வேலைங்கிற நெனப்பு. அமெரிக்காவுல ஒஹையோன்னு ஒரு மாநிலம். அங்க ஜப்பான்காரன் ஹொண்டா 1982ல இருந்து கார் செய்றான், இன்னைக்கும் செய்றான், வேலை செய்றது உள்ளூர் ஆளுங்க. அதே ஒஹையோவுல லோட்ஸ்டவுன்ல அமெரிக்காவோட சொந்த ஜிஎம் கொம்பனி 1966ல இருந்து ஓட்டின பெக்டரிய 2019ல மூடிட்டு போனான், அந்த நேரம் பாத்து புதுசா வந்த அவன் பிளேசர் வண்டிய மெக்சிகோவுல செஞ்சு கொண்டாந்து வித்தான். இப்ப சொல்லுங்க, ஒஹையோ தொழிலாளிக்கு யாரு சொந்தக்காரன்?

நம்ம ஆளுங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச கதைதான். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு கப்பலேறி போன சொந்தம் இல்லாத வீடு மலையகத்துல கொறவு, அப்படி போனவங்க பேரப்புள்ளைங்க எத்தனையோ பேர் இப்ப சென்னைய சுத்தி கொம்பனிகள்ல வேலை. மறைமலை நகர்ல ஃபோர்ட் 2021 செப்டம்பர்ல இனிமே இந்தியாவுல கார் செய்யமாட்டோம், பத்து வருஷத்துல 200 கோடி டொலருக்கு மேல நட்டம்னு சொல்லி, ஏறத்தாழ 4,000 பேர் வேலைக்கு கேள்விக்குறி போட்டான். அங்க இருந்து கொஞ்ச தூரத்துல இருங்காட்டுக்கோட்டையில கொரியாக்காரன் ஹூண்டாய் 1998ல இருந்து சென்ட்ரோல தொடங்கி இன்னைக்கும் கார் கார்னு தள்ளிக்கிட்டே இருக்கான். ரெண்டும் வெளிநாட்டு கொம்பனி, ரெண்டுலயும் நிக்கிறது தமிழ்ப் பசங்க. ஒருத்தன் அந்த ஊர் சனம் என்ன வாங்கும்னு பாத்து சின்ன கார் செஞ்சான், மத்தவனுக்கு அது கடைசி வரைக்கும் சரியா பிடிபடல.

சரி, சொந்தமா கார் செய்யணும், கதவ சாத்தணும்ங்கிறாரே கட்டுரைக்காரர், அத நாங்க ஏற்கனவே செஞ்சு பாத்துட்டோமே ஐயா. 2020 மார்ச்ல டொலர் இல்லாம வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனிப்பட்ட வாகனத்துக்கு மறுபடி தொறந்தது 2025 பெப்ரவரியில. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். அவர் கேக்குற கதவு பூட்டித்தான் கெடந்துச்சு. என்ன பொறந்துச்சு? சில கொம்பனி பாகத்த கொண்டாந்து இங்க பொருத்தி வித்தாங்க, அவ்வளவுதான். பழைய வேகன் ஆர், ஆல்டோவெல்லாம் வாங்கின விலைக்கு மேல போச்சு, பிள்ளை கல்யாணத்துக்கு நகை சேக்குறமாதிரி ஆளுங்க வாகனத்த வச்சிருந்தாங்க. அதுக்கு முந்தியும் தொழிலதிபர் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்டான்னு பொருத்தி வித்தார், மைக்ரோங்கிற உள்ளூர் கார் கொம்பனி வந்துச்சு, அவங்கள நான் குறை சொல்லமாட்டேன், செஞ்சு காட்டினாங்க. ஆனா 2017ல குளியாப்பிட்டியில அடிக்கல் நட்டுட்டு ஃபோக்ஸ்வேகன் பெக்டரி வருதுன்னு ஊரெல்லாம் பேசினதும், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு அந்த கொம்பனியே சொன்னதும் யாருக்கும் மறக்கல. எங்க கராஜ்ல பார்ட்ஸ் வர லேட்டானா இன்னைக்கும் குளியாப்பிட்டியில இருந்து வருதுன்னுதான் சொல்லுவோம்.

அந்த அஞ்சு வருஷத்துல இந்த நாட்டு கார் தொழில்ல உண்மையா வேலை கூடினது யாருக்குன்னா எங்களுக்கு. புது வண்டி இல்ல, பழசத்தான் ஓட்டணும். கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்லயே இல்லாத பார்ட்ஸ லேத்ல கடைஞ்சு போட்டோம், எறிய வேண்டிய கியர்பொக்ஸ் ரெண்ட உடைச்சு ஒன்னாக்கினோம், டொல்பின் வேன், எல்ஃப் லொறி, டிமோ பட்டா சின்ன லொறி, ஆட்டோ எல்லாம் ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா அதுக்கு கராஜ் பாஸ்மாரும் அவங்ககிட்ட கை பழகின பசங்களும்தான் காரணம். தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு பேர் போடமாட்டேன்னு டவுனுக்கு எறங்கின பையனுக்கு கடைக்கு அடுத்து இருக்குற வேலை இதுதான். இலங்கையில கார் தொழில்னா கார் செய்றது இல்ல, கார ஓட வைக்கிறது. இந்த வேலைய யாரும் வேலைன்னு கணக்குல எடுக்குறதே இல்ல, எங்களுக்கு ஈபிஎஃப் கெடையாது, நாளைக்கு நூறு கராஜ் மூடினாலும் உங்க பேப்பர்ல ஆட்குறைப்புன்னு தலைப்பு வராது.

மூடுற நெலமை வரும்போலத்தான் இருக்கு. கதவு தொறந்ததும் வர்ற வண்டியில ஹைபிரிட்டும் கரண்ட் வண்டியும்தான் அதிகம். மலைநாட்டு கராஜுக்கு சோறு போடுறது கிளச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும். கினிகத்தேன எறக்கத்துல பிரேக்க மிதிச்சே வர்றான், ஏத்தத்துல பாதி கிளச்ல நிக்கிறான், அப்புறம் எங்ககிட்ட வருவான். கரண்ட் வண்டிக்கு கிளச்சே கெடையாது, எஞ்சின் ஓயில் கெடையாது, டியூன்அப் கெடையாது, எறக்கத்துல மோட்டரே வண்டிய பிடிச்சு பெட்டரிக்கு சார்ஜ் ஏத்திக்கிறதால பிரேக் லைனிங்கும் ரொம்ப நாள் வருது. ஓட்டுறவங்களுக்கு நல்லதுதான், நான் கூட வாங்க காசு இருந்தா வாங்குவேன். ஆனா மிச்சமிருக்குற வேலையும் எங்களுக்கு கெடைக்காது, ஏன்னா எல்லாம் கம்பியூட்டருக்குள்ள பூட்டியிருக்கு, அந்த கொம்பனி ஸ்கேனர் இல்லாம கை வைக்க முடியாது. தலவாக்கலை பக்கம் ஒரு டீச்சரோட ஹைபிரிட் கார், லைட் எரிஞ்சுச்சுன்னு கொழும்புக்கு ஒரு இடத்துக்கு கொண்டுபோக, பெட்டரிய முழுசா மாத்தணும்னு லட்சக்கணக்குல பில் சொல்லியிருக்காங்க. திருப்பி கொண்டாந்து பாத்தா பெட்டரிக்கு காத்து இழுக்குற ஃபேன் தூசியில அடைச்சு சூடாகி, ஒரேயொரு செல் வரிசை போயிருக்கு. அத மட்டும் மாத்தி ஃபேன கழுவினதும் வண்டி ஓடுது. எங்களுக்கு வேலை தெரியும் ஐயா, சாவிதான் தரமாட்டேங்கிறாங்க.

வேற நாட்டுல இதுக்கு சட்டமே போட்டிருக்காங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் சனங்க 2012ல வோட்டு போட்டு, கொம்பனிக்காரன் தன்னோட ஏஜெண்டுக்கு குடுக்குற ரிப்பேர் விபரத்த வெளி கராஜுக்கும் நியாய விலைக்கு குடுக்கணும்னு ஆக்கிட்டாங்க. இங்க அத கேட்டா குத்தமா? ஒரு பிராண்ட இறக்குமதி பண்ண அனுமதி குடுக்குறப்ப, பார்ட்ஸும் ஸ்கேனர் விபரமும் வெளியில விக்கணும்னு ஒரு வரி சேத்தா போதும், டொலர் செலவில்லாத வேலை. கார் பெக்டரி கட்டுற கனவுக்கு வரிச்சலுகை கேக்குறவங்க இதுல ஒரு தடவையாவது வாய தொறந்திருக்காங்களா.

ஜெர்மனிக்காரன் கதையில கட்டுரைக்காரர் விட்ட இடம் ஒன்னு இருக்கு, அது தோட்டத்து ஆளுங்களுக்கு உடனே புரியும். 1994ல இருந்து இருந்த வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்த ஃபோக்ஸ்வேகன் 2024ல முறிச்சுக்கிட்டான். சங்கம் அடிச்சு புடிச்சு 2030 வரைக்கும் மறுபடி எழுத்துல வாங்கிருச்சு, பலவந்தமா யாரையும் வெளிய தள்ளுறதில்ல, வயசானவங்க காசு வாங்கிட்டு போற மாதிரி குறைக்கிறதுன்னு. சம்பள உயர்வுல விட்டுக்கொடுத்தாங்க, ஆனா எழுத்துல இருக்கு. இங்க 2021ல ஆயிரம் ரூபா சம்பளம் வர்த்தமானியில வந்ததும் தோட்டக் கொம்பனிங்க கூட்டு ஒப்பந்தத்துல இருந்து வெளிய போனாங்க, அதோட ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுற மேசையே இல்லாம போச்சு, இப்ப சம்பளம் ஒவ்வொரு தடவையும் சம்பள சபை, வர்த்தமானி, கோர்ட்டுன்னு அலையுது. சீன கார் வந்தா என்ன வராட்டி என்ன, மேசை இருக்குற ஊர் தொழிலாளி வேற, இல்லாத ஊர் தொழிலாளி வேற. கராஜ் பசங்களுக்கு மேசை என்ன, ஸ்டூல் கூட கெடையாது.

பெரிய பெரிய விசயத்த மந்திரிமார் பாத்துக்கட்டும், என்னோட வேண்டுகோள் சின்னது. ஹைபிரிட், கரண்ட் வண்டின்னா நூத்துக்கணக்கான வோல்ட், ஒரேஞ்ச் வயர்ல தெரியாம கை வச்சா ஆள் முடிஞ்சான், முதல்ல ரப்பர் கிளவுஸ் போட்டுட்டுத்தான் பெட்டரி கரண்ட துண்டிக்கிற சேர்விஸ் பிளக்க கழட்டணும்னு கூட நம்ம பசங்களுக்கு சொல்லிக்குடுக்க ஆளில்ல, யூடியூப்ல இந்தியாக்காரன் வீடியோ பாத்துத்தான் தொடுறாங்க. இதுக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளை பக்கம் இருக்குற தொழிற்பயிற்சி நிலையங்கள்ல தமிழ்ல, பின்னேரத்துல, வேலை செய்றவனும் வர்ற மாதிரி கோர்ஸ் வைக்கணும். அப்படி எங்கயாவது கோர்ஸுக்கு அப்ளிகேஷன் கூப்பிட்டா எங்களுக்கு தெரியவர்றது கடைசி திகதி முடிஞ்சப்புறம்தான். கடிதத்துல எங்க வெட்டினாலும் பரவால்ல, அந்த அறிவித்தல் வர்றப்ப மட்டும் உங்க பேப்பர்ல நேரத்துக்கு தமிழ்ல போட்டு விடுங்க, ஒட்டுறதுக்கு கராஜ் செவுத்துல எடம் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு கராஜ்காரன்,
ஹட்டன்