கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் 2ஆம் திகதி நெருங்குகிறது. அன்று பின்னேரம் மலையகத்துத் தோட்டங்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுதிரியும் பூவுமாக மயானத்துக்குப் போவோம். எங்கள் அம்மாவின் கல்லறை தலவாக்கலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் இருக்கிறது. மெழுகுதிரி ஏற்ற வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மறுநாள் காலையில் நாம் செய்கிற ஒரு பிழையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் கோயில் படிகளில் உறைந்திருந்த மெழுகை எடுக்க இளைஞர்கள் நல்ல மனதோடு வந்தார்கள். கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளினார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு தூறல். பூசைக்கு வந்த என் பெரியம்மா இரண்டாவது படியில் வழுக்கி விழுந்து, ஆறு கிழமை படுக்கையில் கிடந்தார். பிறகு நான் போய் அந்தப் படியை நகத்தால் கீறிப் பார்த்தேன். நகக்கண்ணில் வெள்ளையாக ஏறியது. படி முழுக்க மெழுகு, பால் ஆடை மாதிரி மெல்லியதாகப் படர்ந்திருந்தது. தள்ளிவிட்ட மிச்சம் கானுக்குள் போய் உறைந்து, சருகோடு சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

மெழுகு தண்ணீரில் கரையாது. 50, 60 பாகை சூட்டில் உருகும், அவ்வளவுதான். உருகியது எங்கேயாவது ஓடி, சூடு ஆறினதும் அங்கே பிடித்துக்கொள்ளும். சீமெந்தாக இருந்தால் அதன் துளைகளுக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால் முதலில் சூடு காட்டவே கூடாது. முதலில் குளிர்தான். கொழும்பில் இருப்பவர்கள் அதற்கு ஐஸ் கட்டி தேட வேண்டும். நமக்கு மலைக்குளிர் சும்மா கிடைக்கிறது.

விடியற்காலை ஆறு மணிக்கு, வெயில் விழ முன்னர் போங்கள். அந்த நேரத்தில் மெழுகு கல்கண்டு மாதிரி இறுகியிருக்கும். நான் ஒரு மூங்கில் சிம்பைச் சரிவாகச் சீவிக் கொண்டுபோகிறேன். அதைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் மெழுகு டிக் டிக்கென்று வில்லை வில்லையாக எழும்பும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் சீமெந்தில் உள்ள ஒவ்வொரு துளையும் அதன் அடியில் அச்சாகப் பதிந்திருக்கும். மிச்சமாக ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்துக்குத்தான் சூடு தேவை. அதற்கும் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிரவுன் பேப்பரை விரித்து, கொதித்த தண்ணீர் உள்ள அடி தட்டையான பாத்திரத்தை அதன் மேல் வைத்தால் பேப்பர் மெழுகைக் குடித்துக்கொள்ளும். பேப்பரை மாற்றி மாற்றி மூன்று நான்கு தரம் செய்ய வேண்டும். அப்புறம் சவர்க்காரம் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவலாம்.

கத்தி மட்டும் வேண்டாம். என் தம்பி ஒருமுறை அம்மாவின் கல்லறையைக் கத்தியால் சுரண்டினான். அந்தக் கோடுகளில் இன்றைக்கும் பாசி பிடிக்கிறது. மெழுகை அப்படியே விட்டாலும் கரைச்சல்தான். நத்தாருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் பிடிக்காமல் உரிந்து வரும்.

வீட்டுக்குள்ளேயும் நமக்கு இந்த வேலை புதிதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். என் மகள் இஸ்தோப்பில் மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் படித்தாள். அவளுடைய வெள்ளைச் சீருடையில் மெழுகு கொட்டிவிட்டது. அவசரத்தில் பழைய பத்திரிகைத் தாளை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். மெழுகு போனது, ஆனால் தாளில் இருந்த எழுத்தெல்லாம் தலைகீழாகத் துணியில் பதிந்துவிட்டது. அச்சில்லாத தாள்தான் போட வேண்டும் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

சிவப்புப் பொலிஷ் போட்ட தரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் மெழுகு கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் பொலிஷும் மெழுகில் செய்ததுதானே, அதுவும் சேர்ந்து வந்து தரையில் வெளிறிய வட்டம் விழும். அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். மயானத்துக்கு மட்டும் மண்ணெண்ணெயைக் கொண்டுபோகவே வேண்டாம். எங்கே எந்தத் திரி அணையாமல் இருக்கிறதோ தெரியாது.

மெழுகு கல்லில் படாமலே செய்ய முடியும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மீன் அடைத்து வரும் செமன் டின் வெறுமையானது ஒன்றில் பாதிக்கு ஈரமணல் நிரப்பி, அதில் மெழுகுதிரியை நட்டு ஏற்றுங்கள். மலைக்காற்றில் சுடர் சாய்ந்து சாய்ந்து எரிவதால்தான் மெழுகு ஒரு பக்கமாக வழிகிறது. டின்னின் விளிம்பு காற்றையும் கொஞ்சம் மறைக்கும், வழிவதையும் பிடித்துக்கொள்ளும். சிலர் சிரட்டை வைக்கிறார்கள். சிரட்டை வேண்டாம், திரி அடிக்கு வரும்போது அதுவே பற்றிக்கொள்ளும். கோயில் படிகளுக்குச் சபையாரே மணல் போட்ட தகரத் தட்டுகளை வைத்துக் கொடுத்தால், வயதானவர்கள் பயமில்லாமல் ஏறி இறங்குவார்கள்.

இந்தக் கடிதத்தை ஒக்டோபர் கடைசிக் கிழமைக்குள் பிரசுரித்தால், எங்கள் பக்கத்துக் கோயில்களில் பூசை முடிந்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். பெரியம்மா இந்த வருடமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் சேர்த்து மூன்று டின் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தலவாக்கலை.