எல்லை தாண்டினால் நாள்கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் நீண்ட நாள் தங்குவோருக்கான விசா விதிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அனுமதித்த நாட்கள் முடியும் தறுவாயில் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பினால் மீண்டும் முதலிலிருந்து தங்கலாம் என்று அதில் பொதுவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஊர் சுற்றும் இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, மாதக்கணக்கில் வெளிநாட்டில் தங்கப் போகிறவர்களில் மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகப் போகும் தாய்மாரும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் முதியவர்களும் ஏராளம். அவர்கள் அந்த வரியை நம்பிப் பயணத்தைத் திட்டமிட்டால் பெரும் சங்கடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான். சவூதியில் குடும்பத்தாரைப் பார்க்கப் போவோருக்கு ஓராண்டு செல்லுபடியாகும், பல முறை நுழையக்கூடிய விசா கிடைத்துவந்தது. ஒவ்வொரு நுழைவுக்கும் 90 நாள் தங்கலாம். அந்த 90 நாள் முடியுமுன் கிழக்குப் பகுதியில் இருப்பவர்கள் காரில் ஏறி, 1986-இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் பாலத்தைக் கடந்து பஹ்ரைன் போய்த் திரும்புவார்கள். அதற்கும் பஹ்ரைன் விசா தனியாக வேண்டும். ஆனால் 2025 பிப்ரவரியில் இந்தியா உட்பட 14 நாட்டவருக்கு இந்தப் பல முறை நுழைவு விசா வழங்குவதைச் சவூதி நிறுத்திவைத்தபோது, பாலத்தை நம்பிப் போட்ட கணக்கெல்லாம் பொய்த்தது. ஒரு நாடு சலுகையாக விட்டுவைத்திருப்பதை நமது உரிமை என்று எண்ணி, வயதான தாயாருக்கு ஆறு மாதத்துக்கான மருந்து மாத்திரைகளை வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பது சரியல்ல.

ஐரோப்பாவிலோ இந்த வழி அறவே கிடையாது. தங்களுக்குள் எல்லைச் சோதனையின்றிப் போய்வர வழிசெய்யும் ஷெங்கன் உடன்பாட்டில் உள்ள 29 நாடுகளுக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான் தங்க முடியும். வந்து இறங்கிய நாளும் புறப்படும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் இந்த 29-இல் ஒன்று என்பதால், ஜெர்மனியில் மகன் வீட்டில் இருப்பவர்கள் ஒரு வாரம் அங்கே போய்வந்தால் அந்த ஒரு வாரமும் செலவானதாகவே கொள்ளப்படும். ஷெங்கனில் சேராத லண்டனுக்கோ நாகர்கோவிலுக்கோ வந்து திரும்பினாலும் பழைய நாட்கள் அழிந்துவிடுவதில்லை. ஜனவரி 10 முதல் ஏப்ரல் 9 வரை ஒருவர் 90 நாளையும் தங்கித் தீர்த்துவிட்டார் என்றால், சாதாரண ஆண்டில் ஜூலை 9-ஆம் தேதிதான் மீண்டும் உள்ளே கால் வைக்க முடியும்.

இந்தியர்களில் முறையாகப் போய்த் திரும்பியவர்களுக்கு இரண்டாண்டு, ஐந்தாண்டு ஷெங்கன் விசா வழங்கும் ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் 90 நாள் வரம்பு அதற்கும் உண்டு. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு தம்பதியிடம், ஐந்தாண்டு விசா வந்துவிட்டதால் விருப்பம்போல் தங்கலாம் என்று சொல்லி ஐந்தாம் மாதத்துக்குத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தது ஒரு பயண முகவர் அலுவலகம். மகன் கவனித்ததால் தப்பினார்கள். டிக்கெட்டை மாற்றிய செலவு அவர்கள் தலையில் விழுந்தது. கவனித்துச் சொல்லப் பிள்ளைகள் அருகில் இல்லாதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகத்தையும் பதிவுசெய்து நாட்களைக் கணினியே எண்ணும் முறை 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. முத்திரை தெளிவாக விழவில்லை, தேதி தெரியவில்லை என்று இனிச் சொல்ல இடமிருக்காது.

அமெரிக்காவுக்குப் பத்தாண்டு விசா வாங்கியவர்கள் செய்யும் தவறும் இதே வகைதான். அந்தப் பத்தாண்டு, வாசல்வரை போகத்தான் அனுமதி. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவுசெய்கிறார். வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும், இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இடையில் சில நாள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கூடுதல் நாள் தேவையென்றால் தேதி முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு மூன்று ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்து ஆண்டும் நுழைவுத் தடை உண்டு. எழுபது வயதுத் தாய்க்குப் பத்தாண்டுத் தடை என்றால் என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. துபாயில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் என்பது இதனோடு பார்த்தால் சிறிய சுமையே.

வேலைக்குப் போகிறவர்களின் துயரங்களைப் பத்திரிகைகளும் அரசும் ஓரளவு கவனிக்கின்றன. அது மிகவும் தேவையானது. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கோ சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அயலகத் தமிழர் நலனுக்கென்று தமிழக அரசில் தனித்துறை இருக்கிறது. விசா எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும், எத்தனை முறை நுழையலாம், ஒரு தடவைக்கு எத்தனை நாள் தங்கலாம் என்ற மூன்றையும் அந்தந்த நாட்டு விசா ஒட்டியின் படத்தோடு விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றை அத்துறை வெளியிட்டு, நாகர்கோவில் பாஸ்போர்ட் சேவை மையத்திலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். டிக்கெட் போடும் முகவர்கள், கடைசியாக வெளியேற வேண்டிய தேதியைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கலாம். தங்கள் இதழும் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, நாடுவாரியாக இந்த விதிகளைத் தொடராகத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.