குரல் நகல் மோசடி: ஞாயிறு மாலை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் குரலைப் போலவே போலிக் குரல் உருவாக்கி, அவர் பேசுவதுபோல் பணம் பறிப்பதே குரல் நகல் மோசடி. இதேபோல் உருவத்தையும் போலியாக உருவாக்குகிறார்கள். 2024-இல் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட மேலதிகாரிகளின் போலி உருவங்கள் தோன்றிய காணொலிக் கூட்டத்தை நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பி ஏமாந்தார். வழக்கத்துக்கு மாறான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் கண்டறிய உதவுவதும் செயற்கை நுண்ணறிவுதான். ஆனால், நாமே மனமுவந்து அனுப்பும் பணத்தை அது எப்போதும் தடுத்துவிடாது.

இதுகுறித்துப் பேச வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கூடுகிறோம்.

1. உறவினர் குரலில் அவசரமாகப் பணம் கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவருடைய வழக்கமான எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.
2. அழைப்பவர் உண்மையில் உறவினர்தானா என்று கேட்டறிய, குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள் (அதை இக்குழுவில் பதிவிட வேண்டாம்!).
3. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வருவோர் சனிக்கிழமைக்குள் இங்கே பதிலிடவும். வீட்டுப் பெரியவர்களையும் அவசியம் அழைத்து வாருங்கள்.