பதினான்கு பேரின் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில், இரண்டு கிதார் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கும் வாத்திய இசைத் தொகுப்பைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாட்டும் இல்லாத, படமும் இல்லாத ஓர் இசைத் தொகுப்புக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி அளித்தது. கட்டுரையாளர் ஊன்றிக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்பதிலும் ஐயமில்லை. ஆனால், ‘பின்னணியில் ஒரு தந்தி வாத்தியக் குழு இனிமை சேர்க்கிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு அவர் கடந்து சென்றுவிட்ட அந்தக் குழுவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம்) வாசித்த மூவரில் நானும் ஒருத்தி என்பதால், ‘பின்னணி’ என்ற அந்தச் சொல்லைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கட்டுரையாளர் மிகவும் வியந்து பாராட்டியிருப்பது, மூன்றாவது உருப்படியின் நடுவில் வரும் ஒரு நீண்ட சுரத்தை. நைலான் கம்பியில் சுண்டிய சுரம் இவ்வளவு நேரம் கரையாமல் நிற்பது விந்தை என்று எழுதியிருக்கிறார். கிதாரில் எந்தச் சுரமும் சுண்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். எவ்வளவு தேர்ந்த விரலாலும் அதை மீண்டும் வளரச் செய்ய முடியாது. அங்கே நடப்பது வேறு. கிதாரின் சுரம் மெலியும்போதே, மூன்று வயோலாக்களும் அதே சுரத்தில், வில் கம்பியைத் தொட்ட அரவம் கேட்காதபடி உள்ளே நுழைந்து, மெல்ல வலுத்து, பிறகு அதை இரண்டாம் வயலின்களிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கின்றன. கேட்பவருக்குக் கிதாரே மூச்சு வாங்கி எழுவது போலத் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான், எந்த வாத்தியம் எங்கே எதை வாசிப்பது என்று பிரித்து எழுதும் அரேஞ்சர் எழுதியிருந்தார். அந்தச் சில நொடிகளுக்காக நாங்கள் பதினோரு டேக், அதாவது பதினோரு முறை ஒலிப்பதிவுக்காக, வாசித்தோம். கட்டுரையாளர் ஏமாந்துபோனது எங்களுக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் எங்கள் பெயர்களும் இடம்பெற்றிருக்கலாம் என்பதே என் குறை.

இந்தத் தொகுப்பு எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்சூரில் வளர்ந்த ஒருவர் நைலான் கம்பிக் கிதாரிலும், சென்னையில் இருக்கும் அவருடைய நண்பர் எஃகுக் கம்பிக் கிதாரிலும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தத்தம் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, ஒருவருக்கொருவர் அனுப்பித் திருத்திக்கொண்டார்கள். தந்தி வாத்தியங்களின் இடத்தைக் கணினியில் கிடைக்கும் பதிவுசெய்த வயலின் ஒலிகள் நிரப்பிக்கொண்டிருந்தன. அவை கேட்கக் குறையொன்றும் இல்லாதவை; ஆனால் ஒரே வில், ஒரே அழுத்தம், ஒரே முகம். ஆகவே முதல் வயலின் நால்வர், இரண்டாம் வயலின் நால்வர், வயோலா மூவர், செலோ இருவர், எல்லாவற்றிலும் தாழ்ந்த குரல் கொண்ட டபுள் பேஸ் ஒருவர் என்று பதினான்கு பேருக்கு அரேஞ்சர் புதிதாக நொட்டேஷன் எழுதினார். பதினான்கு பேரைப் பெருங்குழுவாக ஒலிக்கச் செய்வதற்காக, ஒரே பகுதியை நாற்காலிகளை மாற்றி உட்கார்ந்து மும்முறை வாசித்து அடுக்கினோம்.

கிதாரோடு இசைக்குழுவைச் சேர்ப்பது பார்ப்பதற்கு எளிது. உண்மையில் கிதார் மெல்லிய குரல் கொண்ட வாத்தியம். நான்கு வயலின்கள் சற்று உற்சாகமாக வாசித்தாலே அது மூழ்கிவிடும். மைக்கை அருகில் வைத்து ஒலியைக் கூட்டிவிடலாமே என்று கேட்கலாம். கூட்டலாம், ஆனால் வயோலாவின் ஒலியெல்லை கிதாரின் நடுப்பகுதியோடு பெரும்பாலும் ஒன்றிப்போவதால், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் பேசினால் எவ்வளவு கூட்டினாலும் சொல் புரியாத கூச்சலாகத்தான் இருக்கும். எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதை எழுதுவதே அரேஞ்சரின் பாதி வேலை. ஸ்பெயின் நாட்டு ஹோவாக்கின் ரோட்ரிகோ கிதாருக்கும் இசைக்குழுவுக்குமாக 1939-இல் எழுதிய அரன்ஹுவெஸ் கான்செர்ட்டோவை இன்றும் கிதார்க்காரர்கள் கொண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் பியானோக் கலைஞரே தவிர, கிதார் கலைஞர் அல்லர். அதன் இரண்டாம் பகுதி தொடங்கும்போது மெட்டை இசைப்பது இங்கிலீஷ் ஹார்ன் என்னும் குழல் வாத்தியம். கிதார் கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கொத்துகளை) மட்டும் மீட்டி அதற்குத் துணை நிற்கிறது. பிறகுதான் மெட்டு கிதாருக்கு வருகிறது. அந்தத் தொடக்கத்தில் யார் முன்னணி, யார் பின்னணி என்று கட்டுரையாளரிடம் அன்போடு கேட்கத் தோன்றுகிறது.

சுருதி விஷயம் இதைவிட நுட்பமானது. கிதாரில் சுரங்களின் இடத்தை அதன் கழுத்தில் பதித்த கட்டைகள் (ஃப்ரெட்) முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. வயலினுக்கும் வயோலாவுக்கும் கட்டை இல்லை, விரலும் காதும்தான். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். தம்பூராவோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரம், கிதார் கட்டையில் கிடைக்கும் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்ந்தது. எங்களில் பாதிப்பேர் கர்நாடக சங்கீதம் பயின்ற பிறகே மேற்கத்திய வாசிப்புக்கு வந்தவர்கள். எங்கள் காது தாழ்ந்த காந்தாரத்தைத்தான் சுத்தம் என்று சொல்லும். கார்டின் காந்தாரமோ பெரும்பாலும் வயோலாவின் பங்குக்கு வரும். கிதார் ஒலிக்கும்போது விரலை ஒரு மயிரிழை மேலே நகர்த்த வேண்டும். கிதார் ஓய்ந்து நாங்கள் மட்டும் வாசிக்கும் இடத்தில் பழைய இடத்துக்கு இறங்கலாம். கிதார் திரும்பி வருவதற்குள் மறுபடியும் ஏறியிருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. தவறினால், குழு சுருதி சேரவில்லை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஒலிப்பதிவு நடந்த இடம் கண்டோன்மென்ட் பகுதியிலுள்ள ஒரு பழைய தேவாலயக் கூடம். உயர்ந்த மரக்கூரை, தந்தி வாத்தியங்களுக்கு அருமையான எதிரொலி. ஆனால் சென்னைக்குப் போகும் ரயில் பாதை அருகில் இருந்ததால், நல்ல டேக் ஒன்று முடியப் போகிற தறுவாயில் டபுள் பேஸுக்கும் கீழே ஒரு முழக்கம் வந்து சேரும். எங்கள் செலோக் கலைஞர்கள் இருவரும் அதே பாதையில்தான் சென்னையிலிருந்து வந்தவர்கள் என்பதால், அந்தப் பழியை அவர்கள் தலையில் போட்டுச் சிரித்தோம். இரண்டாம் நாள் காலையில் நைலான் கம்பி வாசிப்பவரின் வலக்கைக் கட்டைவிரல் நகம் முறிந்துவிட்டது. அவர் பதறவில்லை. பையிலிருந்து டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்து, நகத்தின் அளவுக்கு வளைவாக வெட்டி, பசை போட்டு ஒட்டி, அரம் வைத்துத் தேய்த்து, அரை மணி நேரத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசி இரண்டு உருப்படிகளில் கேட்பது அந்தப் பந்தின் ஒலி!

இனி, பெயர்கள். தொகுப்பு இணையத்தில் வெளியானபோது முகப்பில் இரண்டு பெயர்களே இருந்தன. கிதார் கலைஞர்கள் இருவரும் எங்கள் பதினான்கு பேரின் பட்டியலையும், அரேஞ்சர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் பெயர்களையும் வெளியீட்டாளரிடம் முறையாகக் கொடுத்திருந்தார்கள். முதன்மைக் கலைஞர்களின் பெயர் இருந்தால் போதும் என்று அங்கே விட்டுவிட்டார்கள். கேட்டால், யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தால் சேர்ந்த 38-பி பிரிவு, தன் நிகழ்த்தலுக்குத் தன்னையே நிகழ்த்தியவராக அடையாளம் காட்டக் கோரும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது. பயன்படுத்தும் முறையே பெயரை விட்டுவிட வேண்டிய நிலையை உண்டாக்கினால் மட்டும் அதற்கு விலக்கு. பத்து விநாடி விளம்பரத்துக்கு அந்த விலக்கு பொருந்தலாம். நாற்பது நிமிடத் தொகுப்புக்கு, அதுவும் எத்தனை பெயர் வேண்டுமானாலும் கொள்ளும் ஒரு திரைக்கு, அது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

முன்பெல்லாம் இந்த வழக்கம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய திரைப்பட இசைத்தட்டுகளில் வயலின் வாசித்தவர்களின் பெயரைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் மாற்று வழி இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1974-இல் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு செய்த தொகுப்பில், குழுவை நடத்திய மைக்கேல் டில்சன் தாமஸ் யார், இசைக்குழுவுக்கு எழுதிய மைக்கேல் கிப்ஸ் யார் என்பது அறிந்த செய்தி. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ பற்றிப் பேசும்போது வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் குறிப்பிடாமல் தமிழர் யாரும் பேசுவதில்லை.

வெளியீட்டாளரோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம். அது எங்கள் பாடு. தங்களிடம் நான் கேட்பது இரண்டு. இனி வாத்திய இசைத் தொகுப்புகளை அறிமுகம் செய்யும்போது, இடம் குறைவாக இருந்தால் அரேஞ்சரின் பெயரையாவது, இடம் இருந்தால் வாசித்தவர்களின் பெயர்களையும் சேர்த்து வெளியிட வேண்டும். மற்றொன்று, சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைக்கு ஒரு சிறு இணைப்பாக எங்கள் பெயர்களை வெளியிட வேண்டும். பதினான்கு பெயர்களையும் தனித்தாளில் தட்டச்சு செய்து இக்கடிதத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் செலோக் கலைஞரின் பெயரில் வருவது ழகரம். பெங்களூரில் அது ளகரமாகிப் போவது அவருக்குப் பழகிப்போயிற்று என்றாலும், அச்சில் சரியாக வந்தால் மகிழ்வார்.

தங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு.