நாடக வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் நாங்கள் எடுத்த முடிவு வழமையானதல்ல. மாதம் ஒரு நாடகம் என்று தாவிக்கொண்டிருக்காமல், வருடம் முழுவதும் ஒரே நடிகரின் மேடை வாழ்க்கையைப் பின்தொடர்வது என்று தீர்மானித்தோம். லண்டனில் முப்பது, நாற்பது வருடங்களாக வாழ்கிறோம், இந்த ஊரின் நாடகக்காரர் ஒருவரையாவது முழுதாக அறிந்திருக்கிறோமா என்று அன்று ஒரு உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை சேர் ஜோன் கீல்குட்டிடம் கொண்டுபோய் விட்டது. எங்களில் அநேகர் அவரை 'காந்தி' படத்தில் வைஸ்ராய் இர்வின் பிரபுவாகக் கண்டதோடு சரி. அந்தப் படம் வந்த 1982இல் அவருக்கு 78 வயது. அதற்கு முன்னால் அறுபது வருட மேடை இருந்தது.

முதல் இரண்டு கூட்டங்களும் அவருடைய தொடக்க காலத்தில் கழிந்தன. 1904 ஏப்ரல் 14ஆம் திகதி தென் கென்சிங்ரனில் பிறந்தவர். பேர்பெற்ற நடிகை எலன் டெரி அவருக்கு அம்மம்மாவின் தங்கை. அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு மேடை தானாக வந்து மடியில் விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. 1921இல் ஓல்ட் விக் அரங்கில், ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், தூதுவனாக வந்து ஒரே ஒரு வரி பேசினார்: போரில் மாண்ட பிரெஞ்சுக்காரரின் தொகை இதோ என்ற வரி. சம்பளம் இல்லை. நாடகப் பள்ளியில் அவருடைய ஆசிரியை, கணை நோய் பிடித்த பூனை மாதிரி நடக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். குரல் கூடவே பிறந்தது, உடம்பு பிந்தித்தான் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்ததால்தான் பின்னால் வந்தவை எங்களுக்கு விளங்கின.

1929இல் மறுபடி ஓல்ட் விக் போகிறார். அப்போது லண்டனின் பெரிய வணிக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் அவருக்கு நல்ல இடம் இருந்தது. அதை விட்டுவிட்டு, தேம்ஸின் தென்கரையில் ஏழைகளும் தொழிலாளரும் குறைந்த காசுக்கு நாடகம் பார்த்த அரங்குக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் ஹம்லெட். வயது 26. நடுவயது கடந்த நட்சத்திர நடிகர்களை அந்த வேடத்தில் பார்த்துப் பழகிய லண்டனுக்கு, உண்மையிலேயே இளைஞனான ஒரு ஹம்லெட் புதிது. அதையும் சேர்த்து 1946 வரை ஆறு தயாரிப்புகளில் அந்த வேடத்தைப் போட்டார். 1934இல் நியூ தியேட்டரில் மட்டும் 155 காட்சிகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு படைவீரர்களுக்காக இந்தியா உட்பட்ட கீழை நாடுகளுக்கும் அந்த நாடகத்தோடு போனார். கடைசி ஹம்லெட் கெய்ரோவில்.

1935ஆம் ஆண்டு ரோமியோ ஜூலியட் பற்றிய கூட்டம் வாக்குவாதத்தில் முடிந்தது. அதை நல்ல செய்தியாகவே பதிவு செய்கிறேன். கீல்குட் நெறியாள்கை செய்த அந்தத் தயாரிப்பில் அவரும் சக நடிகர் லோரன்ஸ் ஒலிவியேயும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ ஆகிய வேடங்களை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். பெகி ஆஷ்குரொஃப்ட் ஜூலியட், இடித் எவன்ஸ் தாதி. முதலில் ரோமியோவாக வந்த ஒலிவியேயை, செய்யுளைச் செய்யுளாகச் சொல்லத் தெரியவில்லை என்று விமர்சகர்கள் கண்டித்தார்கள். வரியின் இசையா, மனிதனின் சூடா என்ற இந்த வழக்கு எங்கள் கூட்டத்திலும் இரண்டு கட்சியாகிவிட்டது. நான் அன்று ஒலிவியே பக்கம் நின்றேன். வருடம் முடியும்போது அந்தப் பக்கத்தில் நான் இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஜூலை மாதத்து நடைப்பயணம்தான் இந்த வருடத்தின் சிறந்த நாள். பிக்கடிலி சேர்க்கஸில் இறங்கி ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ வழியே நடந்தோம். லிரிக், அப்பலோ, கீல்குட், சொண்ட்ஹைம் என்று நான்கு அரங்குகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. இன்றைய கீல்குட் அரங்கின் பழைய பெயர் குளோப். 1939இல் ஒஸ்கார் வைல்டின் எர்னெஸ்ட் நகைச்சுவையை அவர் போட்டது அங்கே. 1949இல் கிறிஸ்டோபர் ஃப்ரையின் செய்யுள் நாடகத்தில், இளம் ரிச்சட் பேர்ட்டனை ஒரு சிறு வேடத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடித்ததும் அங்கேயே. 1994இல், அவருக்குத் தொண்ணூறு வயதானபோது, அந்த அரங்குக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். சொண்ட்ஹைம் அன்று குயீன்ஸ் தியேட்டர். 1937, 38இல் அவர் சொந்தமாக ஒரு குழுவைத் திரட்டி இரண்டாம் ரிச்சட், மூன்று சகோதரிகள், வெனிஸ் வணிகன் என்று அடுத்தடுத்துத் தந்த இடம். 1940 செப்டெம்பரில் குண்டு விழுந்து முகப்பு சிதைந்தது. பத்தொன்பது வருடம் மூடிக் கிடந்து 1959இல் திறந்தபோது அந்த மேடையில் முதலில் தோன்றியவர் கீல்குட்தான், தனி ஆளாக. சேக்ஸ்பியரின் வரிகளை மட்டும் வைத்து அவர் நாடு நாடாகக் கொண்டுபோன நிகழ்ச்சி அது. காட்சியமைப்பு இல்லை, வேடம் இல்லை. குண்டு விழுந்த அரங்கில் ஒரு மனிதக் குரல் மட்டும் மறுபடி கேட்டது. அந்த வாசலில் நின்று இதை வாசித்தபோது எங்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் எரிந்ததையும் இடிந்ததையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது வெறும் நாடக வரலாறு அல்ல.

செப்டெம்பர் கூட்டம் 1953ஆம் ஆண்டைப் பற்றியது. இதை அறிக்கையில் சேர்க்க வேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். சேர்க்காவிட்டால் நாங்கள் அந்த மனிதரைப் படிக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். அந்த வருடம் ஜூனில் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. ஒக்டோபரில், ஆண் ஒருவரை உறவுக்கு நாடிய குற்றத்துக்காகச் செல்சியில் பொலிஸார் பிடித்தார்கள். தண்டம் 10 பவுண். பத்திரிகைகள் மறுநாளே ஊரறியச் செய்துவிட்டன. இங்கிலாந்தில் 1967 வரை ஆண்கள் தமக்குள் உடலுறவு கொள்வது சட்டப்படி குற்றமாக இருந்தது. சில நாட்களில் லிவர்பூலில் அவருடைய புதிய நாடகம். மேடைக்குப் போகத் துணிவில்லாமல் பக்கத்தில் ஒதுங்கி நின்றவரை, எழுபது வயது கடந்த சக நடிகை சிபில் தோண்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று எங்கள் கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் பேசியதை மூத்தவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். அதற்காக இரு சாராருக்கும் நன்றி.

தோல்விகளையும் நாங்கள் தாண்டிப் போகவில்லை. 1955இல் சிற்பி நொகுச்சியின் விசித்திரமான உடையலங்காரத்தில் லியர் மன்னன், 1961இல் சேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ரட்ஃபோர்டில் செஃபிரெல்லியின் நெறியாள்கையில் ஒதெல்லோ. இரண்டும் படு தோல்வி. ஐம்பதுகளின் நடுவில் புதிய எழுத்தாளர்கள் எழுந்தபோது, கீல்குட் பழைய காலத்து ஆள், அழகாகப் பேசத் தெரிந்தவர், அவ்வளவுதான் என்ற பேச்சு பரவியது.

எங்கள் வருடத்தின் நெஞ்சு இதற்குப் பிறகு வருவதுதான். 1968இல், 63 வயதில், நெறியாளர் பீட்டர் புரூக்கின் ஈடிப்பஸ் நாடக ஒத்திகையில் பிள்ளைகள் வயதுள்ள நடிகர்களோடு உடற்பயிற்சியும் குரல் பயிற்சியும் செய்தார். அதே வருடம் அலன் பென்னற்றின் முதல் வெஸ்ட் எண்ட் நாடகத்தில் தலைமையாசிரியராக வந்தார். 1970இல் றோயல் கோர்ட் அரங்கில் டேவிட் ஸ்டோரியின் 'ஹோம்', கூடவே நடிகர் ரால்ஃப் ரிச்சட்சன். ஒரு தோட்டத்தில் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து கதைக்கிறார்கள். காலநிலை, யுத்தம், உறவினர். மெல்ல மெல்லத்தான் அது ஒரு மனநல விடுதி என்று தெரிகிறது. ஒருவரும் ஒரு வசனத்தைக்கூட முடிப்பதில்லை. செய்யுளை மூச்சு விடாமல் சொல்லப் பெயர்போனவருக்கு அங்கே சொல்ல வரியே இல்லை.

அந்த நாடகத்தின் சில பக்கங்களை வட்டத்துக்குள் வாசிப்பதற்காக மட்டும் தமிழாக்கிப் பார்த்தோம். எழுத்துத் தமிழில் செத்துப்போயிற்று. பேச்சுத் தமிழுக்கு மாற்றினோம். "ஓம்." "அப்பிடியே?" "அது சரி." "ம்ம்... பின்னை?" இவ்வளவுதான் வசனம். வாசித்தவர்கள் இருவரும் எழுபது தாண்டியவர்கள். நான்காவது "ஓம்" வந்தபோது அறையில் ஒரு சத்தம் இல்லை. வரியின் இசையை ஐம்பது வருடம் பழகிய ஒருவரால்தான் ஒரு "ஓம்"முக்கு இத்தனை சுருதி கொடுக்க முடியும் என்று அன்று எனக்குப் பட்டது. 1935 வழக்கில் என் கட்சி மாறியது அந்த அறையில்தான். அந்தக் குரலை அவர் கைவிடவில்லை, அடக்கி வைக்கக் கற்றுக்கொண்டார்.

அதன் பின் 1975இல் நாடகாசிரியர் ஹரோல்ட் பின்டரின் 'நோ மான்ஸ் லாண்ட்'. மறுபடி ஓல்ட் விக், மறுபடி ரிச்சட்சன். கசங்கிய உடுப்பும் காலுறைக்கு மேல் செருப்புமாக, தோற்றுப்போன கவிஞன். ஒற்றை வரித் தூதுவனாக நுழைந்த அதே கட்டடம். ஏறத்தாழப் பத்து வருட இடைவெளிக்குப் பின், 1988இல், 83 வயதில், அப்பலோவில் கடைசியாக மேடையேறினார். 2000 மே 21இல் காலமானார். தனக்கு நினைவுக்கூட்டம் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

நிர்வாக விடயங்களைச் சுருக்குகிறேன். பதினொரு கூட்டங்கள் நடந்தன. மண்டப முன்பதிவு கடைசி நேரத்தில் இல்லாமற்போனதால் பெப்ரவரிக் கூட்டம் ஓர் உறுப்பினர் வீட்டில் நடந்தது. அந்த வீட்டாரின் சோற்றுக்கும் குழம்புக்கும் சபை கடமைப்பட்டிருக்கிறது. நவம்பர் அறிவித்தல் பிந்தியது என் தவறு, மன்னிக்கவும். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். இந்த வருடம் எங்களைவிட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்காக, அவர் வழக்கமாக உட்காரும் யன்னலோர நாற்காலியை டிசெம்பர் வாசிப்பில் வெறுமையாக விட்டோம்.

வரும் ஆண்டுக்குப் பெகி ஆஷ்குரொஃப்ட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது குழுவின் பரிந்துரை. கீல்குட்டைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டவர் அவர்தான். இந்தப் பரிந்துரையையும் அறிக்கையையும் சபையின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்