பள்ளி மலருக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்பானவர்களுக்கு,

நம் ஆலயப் பங்கின் தொடக்கப் பள்ளியின் வரலாற்று மலர் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் தொகுப்பாசிரியர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். தொகுப்பதற்கு ஏதாவது இருந்ததே உங்களால்தான். அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பங்குத்தந்தைக்கு. பழைய பெட்டகத்தின் சாவியைக் கையில் கொடுத்து, “நீங்களே பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நம்பிக்கைக்குப் பயந்தே பதிவேடுகளை மெதுவாகப் புரட்டினேன். மிகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டின் ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, மை மட்டும் மங்கவில்லை. ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் ஒன்றேதான்! தேதி தெரியாமல் வந்த பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதியிருக்கிறார். உண்மையான தேதிகளைக் கண்டுபிடித்தது பங்கு அலுவலகத்தில் இருக்கும் சகோதரி. ஒவ்வொரு பெயரையும் திருமுழுக்குப் பதிவேட்டில் தேடி எடுத்தார். பங்குகளில் பதிவேடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் விதித்தது எவ்வளவு நல்ல காரியம் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்து, மடத்துச் சகோதரிகள். தங்கள் நாளேட்டை வெளியாள் ஒருவரிடம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? கொடுத்தார்கள். “மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகை வந்தது”, “மழை, பள்ளி இல்லை” என்று ஒற்றை வரிகள். எழுதியவரே அந்த மூன்றாம் வகுப்பின் ஆசிரியை, ஆனாலும் தன் பெயரை எங்குமே குறிக்கவில்லை. திடீரென்று ஒரு பக்கத்தில் கையெழுத்து மாறுகிறது. மாறியது ஏன் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. அந்த ஆசிரியை யார் என்பதைச் சொன்னவர் அவரிடம் படித்த ஒரு பாட்டி. வகுப்புப் படத்தில் கடைசி வரிசையில் விரலை வைத்து, “இவங்கதான்” என்றார். பாட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

முதல் அத்தியாயம் முழுவதும், நூலகத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவரின் உபயம். பங்குப் பள்ளி என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்று தேடப் போய், 529-இல் இன்றைய பிரான்சில் உள்ள வேசோன் நகரில் கூடிய ஆயர் சங்கம் வரை போய்விட்டார். பங்குக் குருக்கள், வழிபாட்டில் மறைநூல் வாசிக்கும் இளம் வாசகர்களைத் தங்கள் வீட்டில் வைத்துச் சங்கீதமும் மறைநூலும் கற்றுத்தர வேண்டும் என்று அங்கே முடிவாகியிருக்கிறது. அப்புறம் 1597-இல் உரோமையின் திரஸ்தேவரே பகுதியில், புனித தொரோத்தேயா ஆலயத்தின் பங்குத்தந்தை ஒதுக்கிக் கொடுத்த சிறிய அறைகளில், யோசேப்பு கலசான்ஸ் என்ற ஸ்பானியக் குரு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். வரலாறு கலசான்ஸைப் புனிதராக நினைவில் வைத்திருக்கிறது. அறையைக் கொடுத்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்? நான் என்னவோ அவர் கட்சி. 1884-இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், ஆலயத்தை ஒட்டிப் பள்ளி இல்லாத பங்குகள் இரண்டு ஆண்டுக்குள் அதைக் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார்கள். ஆணையிடுவது ஆயர்கள், வகுப்பெடுப்பது பெரும்பாலும் கன்னியர்கள். 1960-களுக்குப் பிறகு பல நாடுகளில் துறவறத்தார் குறைந்து பொதுநிலை ஆசிரியர்கள் பொறுப்பேற்ற கதையும் மலரில் இருக்கிறது. அந்தப் பகுதியைத் தன் அனுபவத்திலிருந்து எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நன்றி. சம்பளக் கணக்கை மறைக்காமல் எழுதியதற்கு இன்னொரு நன்றி.

படங்களை ஸ்கேன் செய்த இளைஞர்கள், பிழை திருத்தியவர்கள், கேட்காமலே நன்கொடை கொடுத்தவர்கள், அலமாரியைத் தூக்க உதவிய காவலாளி அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

வாங்கிய படங்களும் நாளேடும் உரியவர்களிடம் திரும்பிவிட்டன. பின்பக்கம் பெயர் எழுதாத மூன்று படங்கள் மட்டும் பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன. உங்களுடையதாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மலர்க் குழுவின் சார்பில், ஒரு பழைய மாணவன்