பேலன்ஸ் 3

பாளையங்கோட்டை,
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள வாத்தியாரே,

நலம். நீயும் தங்கச்சியும் பேரனும் நலம்தானே. எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியிருப்பாய். திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது, ஒல்லி வரிசைப்படி சொன்னான். அதில் ‘கல்நெஞ்சன்’ மட்டும் அதிகம். மற்றதெல்லாம் சரி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பங்குனியில் நீ போன் பண்ணி, உன் அப்பாவின் வில்லுப்பாட்டுப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா, கோயில் கொடைக்கு மறுபடி அச்சடிக்கலாமா என்று கேட்டாய் அல்லவா? ‘அது அந்த ஹார்டு டிஸ்க்கோடு போச்சுப்பா’ என்றேன். பொய். டிஸ்க் போனது நிஜம், ஆனால் 2004ல் எல்லாவற்றையும் சிடியில் எழுதி, 2011ல் சிடியிலிருந்து வெளி டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தேன். நீ கேட்ட அன்று அதைச் செருகினேன். திறந்தால் ஜன்னல் முழுக்க வெள்ளைத் தாள் படங்கள், கீழே பாதி பாதியாக ஏதோ பெயர்கள். ஐந்து நிமிடம் உருட்டிப் பார்த்தேன். கண் வலித்தது. மூடிவிட்டு உனக்கு அந்தப் பதிலைச் சொன்னேன். அப்புறம் ஆடிக் கொடையில் ஜெராக்ஸ் பிரதியை வைத்து, நாலாம் பக்கம் இல்லாமலேயே பாடினார்கள் என்று ஒல்லி வந்து சொன்னபோது சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்தே உனக்கு எழுதக் கை வரவில்லை. காரணம் இவ்வளவுதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள், நீ யாப்பிலக்கணம் நடத்தியபோது நான் பொறுத்துக்கொண்டேன்.

அச்சுக் கடையை ஐப்பசியோடு மூடிவிட்டேன். மகன் பெங்களூரிலிருந்து புது மெஷின் அனுப்பினான், வின்டோஸ் 11. ஆன் பண்ணி அந்த மஞ்சள் ஃபோல்டரை அமுக்கினால் (கோப்புறை என்று எழுதினால் நீ மகிழ்வாய், ஆனால் எனக்கு அது தலையணை உறை மாதிரியே கேட்கிறது) முதலில் ‘ஹோம்’ என்று ஒன்று வருகிறது. நாம் கடைசியாக என்னென்ன திறந்தோம் என்று பட்டியல் போட்டு வரவேற்கிறது. சம்பந்தி வந்திருந்தார். பேத்தி போட்டோவைக் காட்டலாம் என்று பெருமையாகத் திறந்தேன். பட்டியலின் உச்சியில் ‘நகைக்கடன் தவணை கேட்டு விண்ணப்பம்’. அதற்குக் கீழே என் சுகர் ரிப்போர்ட். மனிதர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான், காதில் ஏதோ மாட்டிக்கொண்டே பேசுவான், நல்ல பையன். மேலே மூன்று புள்ளி இருக்கிறது, அதற்குள் ‘ஆப்ஷன்ஸ்’. திறந்தவுடன் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ‘ஹோம்’ என்பதை ‘திஸ் பிசி’ என்று மாற்றினான். அதே பக்கத்தில் கீழே, சமீபத்திய ஃபைல்களைக் காட்டாதே என்று இரண்டு டிக்கை எடுத்தான். மானம் திரும்பி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ‘வியூ’ என்று இன்னொரு தாவல் தெரிந்தது. எனக்குப் பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் சாயங்காலம் அதே வேலை. வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அடுக்களை டப்பாவுல பேர் எழுதி ஒட்டச் சொல்லி இருபது வருஷமாச்சு” என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ‘வியூ’வில் நான் முதலில் எடுத்த டிக், ஃபைல் பெயரின் வாலை மறைக்கும் டிக். வால் என்றால் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்து. மெஷினுக்குத் தெரிந்த வகை ஃபைல் என்றால் அந்த வாலை நம்மிடம் காட்டாது, நாம் பயந்துவிடுவோமாம். அப்படி மறைத்து வைத்ததால் என்ன ஆனது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 2000 மே மாதம், காதல் கடிதம் என்று பெயர் வைத்துக்கொண்டு பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு வைரஸ் கிளம்பி ஊர் உலகமெல்லாம் சுற்றியது. பெயர் டிஎக்ஸ்டி என்று முடிகிற மாதிரி தெரியும், வெறும் எழுத்துதானே என்று திறப்பார்கள். மறைந்திருந்த நிஜ வால் விபிஎஸ், அதாவது ஓடும் நிரல். காதல் கடிதம் என்றால் நீ கட்டாயம் திறந்திருப்பாய். அப்போது உன்னிடம் கம்ப்யூட்டர் இல்லாதது பள்ளிக்கூடத்தின் அதிர்ஷ்டம்.

அடுத்தது வரிகளுக்கு நடுவே இடைவெளி. விரலால் தொடுகிறவர்களுக்காக ஏகத்துக்கு விட்டிருக்கிறார்கள். ‘காம்பாக்ட் வியூ’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் அச்சுக்காரன் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வரிகள் நெருங்கி வருகின்றன. அச்சில் லெடிங், அதாவது வரி இடைவெளி, குறைப்பது போலத்தான். இது தெரிந்த நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் நிஜமான சண்டை இனிமேல்தான். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பெரிய பெரிய படமாக வருகிறது, இன்னொன்று பட்டியலாக வருகிறது, மூன்றாவதில் பாட்டு, பாடகர், ஆல்பம் என்று பத்தி பத்தியாகக் காலி கட்டங்கள். எல்லாம் நான் ஒரே மாதிரி போட்டு வைத்த கல்யாணப் பத்திரிகை ஃபோல்டர்கள்! ஏன் இப்படி என்று பையனைக் கேட்டேன். அவன் சொன்ன பதில் உனக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

இந்த மெஷினுக்கு ஐந்திணை உண்டு. பொது, டாக்குமெண்ட், படம், பாட்டு, வீடியோ. ஒவ்வொரு ஃபோல்டரையும் எட்டிப் பார்த்து, உள்ளே எது அதிகம் என்று கணக்குப் போட்டு, இது இந்தத் திணை என்று தானே முடிவு செய்துகொள்கிறது. பத்திரிகை ஃபோல்டரில் மாப்பிள்ளை பெண் போட்டோ நிறையப் போட்டு வைத்தால் அது படத்திணை. நாதஸ்வரக்காரர் கொடுத்த பாட்டுகளைப் போட்டிருந்தால் பாட்டுத்திணை. திணை மயக்கம் வந்தால் மெஷினுக்கே மயக்கம். நாமாக மாற்ற வேண்டுமென்றால் ஃபோல்டர் மேல் வலது கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கஸ்டமைஸ்’. அங்கே ஐந்து திணையும் வரிசையாக நிற்கும். பொது என்று தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கிற ஃபோல்டர்களுக்கும் இதுவே என்று ஒரு டிக்.

இது தெரியாமல் நான் முதல் நாள் செய்த கூத்தைக் கேள். ஒரு படத்திணை ஃபோல்டரில் எல்லாவற்றையும் அழகாக அமைத்துவிட்டு, ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ என்ற பொத்தானை அமுக்கினேன். எல்லா ஃபோல்டருக்கும் இதையே போடவா என்று கேட்டது. ஆமாம் ராஜா என்றேன். அடுத்த ஃபோல்டரைத் திறந்தால் பழையபடி. மறுபடி அமுக்கினேன். நான்கு தடவை. குறிஞ்சியில் போட்ட சட்டம் குறிஞ்சிக்கு மட்டும்தான் செல்லும் என்று அந்தப் பொத்தானில் எழுதியிருக்கலாம் அல்லவா? டவுன்லோட்ஸ் ஃபோல்டர் இன்னும் மோசம், ஐந்திலும் சேராத தனி நாடு. இன்று, நேற்று, போன வாரம் என்று கூறு போட்டு வைத்திருக்கும். அதற்குள் போய் ‘குரூப் பை’யில் ‘நன்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஃபோல்டரின் கோலத்தையும் எங்கே நினைவு வைத்திருக்கிறது என்று கேட்டேன். ரெஜிஸ்ட்ரி என்று வின்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பேரேட்டில் ‘பேக்ஸ்’ என்று ஒரு இடமாம். பை! வழக்கமாக 5000 ஃபோல்டர் வரை நினைவு வைக்குமாம். நம்ம கணக்குப்பிள்ளையின் மஞ்சப்பை ஞாபகம் வந்து சிரித்தேன். பையன் விழித்தான். அந்தப் பையைப் பற்றி அவனுக்கு எப்படிச் சொல்ல?

சரி. எல்லாவற்றையும் ‘அச்சாபீஸ்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள் தள்ளி, அடிமுதல் பொதுத்திணை ஆக்கி, ‘டீட்டெய்ல்ஸ்’ பட்டியலாக வைத்து, பெயர், திருத்திய தேதி, வகை, அளவு என்று நான்கு பத்தி போட்டு, அப்புறம் அந்தப் பொத்தானை அமுக்கினேன். இந்தத் தடவை கேட்டது. இருபத்தைந்து வருஷத்துக் கடை ஒரே சீராக, பேரேடு மாதிரி வந்து நின்றது வாத்தியாரே. வெள்ளைத் தாள்களாகத் தெரிந்தவை எல்லாம் பேஜ்மேக்கர் (அச்சுப் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள்) ஃபைல்கள். பங்குனியில் செருகிய மெஷினிலும் பேஜ்மேக்கர் இல்லை, இந்தப் புது மெஷினிலும் இல்லை, அதனால் ஆள் தெரியாமல் வெள்ளைத் தாளைக் காட்டியிருக்கிறது. வகைப் பத்தியில் பிஎம்டி என்று போட்டிருந்தது, அதுதான் பேஜ்மேக்கரின் வால்.

அப்போதுதான் உன் போன் நினைவு வந்தது. நினைவு வந்தது என்று எழுதுவதும் பொய்தான், மூன்று நாளும் அதை நினைத்துத்தான் அந்த வேலையையே செய்துகொண்டிருந்தேன்.

பெயரை வைத்துத் தேடினேன். சுடலை, மாடன், வில்லு, உன் அப்பா பெயர், உங்கள் ஊர்ப் பெயர். ஒன்றும் இல்லை. தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிஎம்டி என்று அடிக்கச் சொன்னான் பையன். உள்ளே எங்கே கிடந்தாலும் அத்தனை பேஜ்மேக்கர் ஃபைலும் ஒரே இடத்தில் வந்தது. தேடல் முடிவு மட்டும் வேறு கோலத்தில் வருகிறது, அதையும் பட்டியலாக்கினேன். தேதிப்படி அடுக்கினேன்.

இதில் ஒரு வேடிக்கை. பத்தித் தலைப்பில் வலது கிளிக் செய்து, உருவான தேதியையும் சேர்த்தேன். எல்லாமே 2011ல் பிறந்திருக்கின்றன, ஆனால் கடைசியாகத் திருத்தப்பட்டது 2001, 2002, 2003! பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே திருத்தம். ஒரு ஃபைலை நகல் எடுத்தால் நகல் எடுத்த நேரம்தான் அதன் பிறந்த நேரமாம். திருத்திய தேதி மட்டும் மாறாமல் கூடவே வரும். ஆகவே நம்ப வேண்டியது திருத்திய தேதியை. 2003ல் மட்டும் நிறைய இருந்தன. பெரும்பாலும் ஒரு பக்கப் பத்திரிகை, நோட்டீஸ், எல்லாம் சின்னச் சின்ன அளவு. ஒன்று மட்டும் தடியாக இருந்தது.

பெயர் ‘பேலன்ஸ் 3’.

18.09.2003, இரவு 11.47.

உனக்கு அந்த இரவு தெரியாது. நீ அப்போது சங்கரன்கோவிலில் தேர்வுத்தாள் திருத்தப் போயிருந்தாய். அப்பா கடைசி ப்ரூஃப் பார்க்கக் கடைக்கு வந்தார். ப்ரூஃபை வாசிக்கவில்லை, பாடினார். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் பாடி, தாளம் இடறினால் அங்கே எழுத்துப்பிழை என்று அர்த்தம், நிறுத்தச் சொல்லுவார். ஒரு இடத்தில் நான் ‘ற’வுக்கு ‘ர’ போட்டிருந்தேன். “தம்பி, இவன் காட்டுல நிக்கிற சாமி, பிழையாக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டான்” என்றார். இரண்டு தடவை கரண்ட் போனது. அப்போதெல்லாம் யுபிஎஸ் ஏது, ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில் சேவ் பண்ணினேன். அதுதான் 3. சாமி பெயரைக் கண்ட இடத்தில் எழுதி வைக்காதே என்று அவர் சொன்னதால் வேறு பெயர் தேடினேன். 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார், 350 பாக்கி. கைக்கு வந்ததை வைத்தேன்.

பாக்கியை மறுநாளே முதல் பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டார், ஒரு சீப்பு பழத்தோடு. ஃபைல் பெயரை நான்தான் மாற்றவில்லை. அடுத்த தையில் அவரே போய்விட்டார்.

ஒல்லி கடையில் இன்னும் ஒரு பழைய வின்டோஸ் எக்ஸ்பி மெஷின் உயிரோடு இருக்கிறது, பழைய எழுத்துருக்களோடு. அங்கே கொண்டுபோய்த் திறந்தோம். புது மெஷினில் பழைய எழுத்துரு இல்லையென்றால் சாமி கதை முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், அந்தப் பயம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. 72 பக்கமும் இருக்கிறது. நாலாம் பக்கமும் இருக்கிறது. ஒல்லி அதைச் சத்தமாக வாசித்தான், தாளம் கொஞ்சம்கூட இல்லாமல்.

மறுபடி அடிக்க வேண்டுமென்றால் யூனிகோடுக்கு, அதாவது இப்போதைய மெஷின்களுக்குப் புரியும் எழுத்து முறைக்கு, மாற்ற வேண்டும். மாற்றினால் எழுத்து அங்கங்கே சிதறும், ப்ரூஃப் பார்த்தே தீர வேண்டும். அதை நீதான் பார்க்க வேண்டும். எனக்குப் பாட வராது.

வியாழக்கிழமை ஒல்லி அந்தப் பக்கம் வருகிறான், பென் டிரைவைக் கொடுத்தனுப்புகிறேன். அதில் இரண்டு ஃபைல். ‘வேலைக்கு’ என்று பெயர் போட்டதில் நீ என்ன வேண்டுமானாலும் செய். ‘பேலன்ஸ் 3’ அப்படியே இருக்கட்டும். ப்ராப்பர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ டிக் போட்டுத்தான் தருகிறேன், ஆனாலும் உன் கையை நம்ப முடியாது. திறந்து பார்த்துவிட்டு மூடும்போது சேவ் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கு. சேவ் பண்ணினால் அந்த 11.47 போய்விடும்.

தங்கச்சியிடம் மாவடு கேட்டதாகச் சொல்.

உன்
அச்சாபீஸ்